மஞ்சள் பூக்கும் துடைப்பச் செடி நம்ம ஊரில் வளருமா? அப்படியே வாரியல் பற்றியும் சொல்லுங்கள்

பாளை மாடித்தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி மகள் ஸ்காட்லாந்தில் படிக்கிறாள். மே மாதம் அங்கே ரயில் பாதை ஓரம், மலைச்சரிவு, கடற்கரை மேடு என்று எங்கே பார்த்தாலும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ஒரு புதரைப் படம் எடுத்து அனுப்பினாள். ப்ரூம் என்று பேராம், தாவரவியலில் சைட்டிசஸ் ஸ்கோபாரியஸ். அந்தக் காலத்தில் அங்குள்ளவர்கள் இதன் குச்சிகளை வெட்டிக் கட்டித்தான் வீடு வாசல் பெருக்கினார்களாம். சத்தில்லாத மண்ணிலும் வளரும், வறட்சி தாங்கும், அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்கும் நல்லது என்று படித்ததும் ஆசை வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் சும்மா கிடக்கிறது, அதிகம் தண்ணீர் விட வழியில்லை. விதை இணையத்தில் கிடைக்கிறது. வாங்கிப் போடலாமா?

இன்னொன்றையும் இதிலேயே கேட்டுவிடுகிறேன். கடையில் வாங்குகிற வாரியல், அதாவது துடைப்பம், எதுவும் இப்போது நிலைப்பதில்லை. உள் வீட்டுக்கு எது, முற்றத்துக்கு எது, எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊட்டியில் ஒரு நெல்லைக்காரன்:

அக்கா, விதை வாங்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம், வேலை நீலகிரியில். இந்தச் செடியை வெள்ளைக்காரர்கள்தான் இங்கே கொண்டுவந்தார்கள். இன்றைக்கு மேல்மலைப் புல்வெளிகளில் ஏக்கர் கணக்கில் இதுதான் நிற்கிறது. கூடவே கோர்ஸ் என்று ஒரு முள்புதரும் வந்து சேர்ந்தது, அதுவும் இதே மஞ்சள். ப்ரூமில் முள் கிடையாது, அதில் உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் இரண்டுக்கும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், அந்த இடத்தில் முன்னே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை.

இதன் காய் பழுத்துக் கறுத்ததும் வெயில் ஏறும் நேரத்தில் வெடிக்கும். பக்கத்தில் நின்றால் அந்தச் சத்தம் காதில் விழும். தோல் இரண்டும் முறுக்கிக்கொண்டு விதையைத் தள்ளி எறியும். விதைத் தோல் அவ்வளவு கெட்டி, மண்ணுக்குள் பல பத்து ஆண்டுகள் முளைக்காமல் கிடந்து பிறகு முளைக்கும். தீ வைத்து ஒழிக்கலாம் என்று பார்த்தால், சூடு பட்ட விதை முன்பை விட நன்றாக முளைக்கிறது. அவரைக் குடும்பத்துச் செடி வேர் முடிச்சு வழியாக மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும், மண்ணுக்கு நல்லது என்று நீங்கள் படித்த அதுதான் இங்கே கெடுதல். இந்த மலைப் புல் சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய புல். மண்ணில் நைட்ரஜன் ஏறினால் வேறு களைகள் உள்ளே வந்துவிடும், புல் திரும்பி வராது. புல் போனால் வரையாடு மேய இடமில்லை, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற வேலையும் போகிறது.

எடுப்பதும் லேசில்லை. சின்னச் செடியை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். பெரிய தூர் என்றால் காய் பிடிக்கும் முன்னால், செடி வாடியிருக்கும் கோடையில், தரையோடு அறுக்க வேண்டும். அதோடு முடிவதும் இல்லை, கீழே கிடக்கிற விதையிலிருந்து அடுத்தடுத்த வருஷமும் குட்டிச் செடிகள் வந்துகொண்டே இருக்கும், விடாமல் போய்ப் பிடுங்க வேண்டும். நம்ம ஊர்க் குளங்களில் சீமைக்கருவேலம் என்ன செய்ததோ அதையே இது இந்த மேட்டில் செய்கிறது.

சேரன்மாதேவி வயல்:

தம்பி சொன்னது முழுக்கச் சரி. பாளையங்கோட்டையைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் உண்டு, அது இங்கே தேறாது. வறட்சி தாங்கும் என்று எழுதியிருப்பது அவர்கள் ஊர் வறட்சி. தண்ணீர் குறைந்தால் அது இலையை உதிர்த்துவிட்டுப் பச்சைத் தண்டை வைத்தே காலம் தள்ளும், அது நல்ல வித்தைதான். ஆனால் அது மேற்கு ஐரோப்பாவில் குளிருக்கும் சாரலுக்கும் நடுவே வளர்ந்த செடி. ராத்திரியிலும் சூடு இறங்காத நம்ம சித்திரை வைகாசிக்கு அது ஆகாது.

உங்களுக்கு வேண்டியது அந்த மஞ்சள்தானே? சணப்பு விதையுங்கள். வயலுக்குத் தழையுரமாக மடக்கி உழுகிறோமே, அதே சணப்பு. பூவைக் கையில் எடுத்து அந்தப் படத்தோடு வைத்துப் பாருங்கள்: மேலே விரிந்து நிற்கிற பெரிய இதழ், பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன இதழ் இரண்டு, அடியில் ஒட்டிக்கொண்ட இரண்டு. அச்சு அசலாக அதே அமைப்பு. ரெண்டும் அவரைக் குடும்பம்தான். விதைத்து 45 நாள் வாக்கில் பூ எடுக்க ஆரம்பிக்கும். தழையுரத்துக்கு அந்தப் பருவத்திலேயே மடக்கிவிடுவோம், உங்களுக்குப் பூதான் வேண்டும் என்றால் விட்டுவிடலாம், ஆளுயரத்துக்கு மேலேயும் போகும். 3 சென்டுக்கு அரைக் கிலோ விதை தாராளம்.

ஆனால் சணப்பு ஒரு போகத்தோடு முடிந்துவிடும். வருஷக்கணக்கில் நிற்க வேண்டும் என்றால் ஆவாரை. வல்லநாடு, கயத்தாறு பக்கம் தரிசில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? சரளை மண்ணில் தானாக நின்று பூக்கிறது. மாடு கடிக்காது. பூவைக் காயவைத்துத் தண்ணீரில் போட்டுக் குடிக்கவும் செய்யலாம்.

செங்கோட்டைச் சாரல்:

அண்ணே, பாளையில் வராது, சரி. மாஞ்சோலை, நாலுமுக்கு மாதிரி குளிர்ந்த இடத்தில் வைத்தால் வருமா? ஒரு வரிசை வைத்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்று கேட்கிறேன்.

ஊட்டியில் ஒரு நெல்லைக்காரன்:

தம்பி, அங்கே பிடித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது என்பதால்தான் அந்த நினைப்பே வேண்டாம் என்கிறேன். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்து மலை, வெளியூர்ச் செடியைக் கொண்டுபோய் வைக்க அது யாருடைய தோட்டமும் இல்லை. மேலே போகப் போகச் சோலையும் புல்லும் கலந்து கிடக்கும், அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். தாமிரபரணி அங்கேயிருந்துதான் இறங்கி வருகிறது. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் அந்த ஆறு. நீலகிரியில் நடந்தது அங்கே நடக்க ஒரு கைப்பிடி விதை போதும். செருப்பில் ஒட்டிய சேற்றோடும் விதை போகும், ஆகையால் ஊட்டிக்கு வந்து இந்தப் புதருக்குள் நடந்துவிட்டு நேரே பாபநாசம் மலைக்குப் போகிறவர்கள் காலணியைக் கழுவிவிட்டுப் போங்கள். இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஏடு:

செடியைப் பற்றிக் கொஞ்சம் நல்லதும் சொல்ல வேண்டும், அதன் ஊரில் அது மரியாதையான செடி. பிரான்சில் உள்ள ஆஞ்சு நாட்டுப் பிரபு ஜெஃப்ரி தன் தொப்பியில் இதன் பூங்கொத்தைச் செருகிக்கொள்வான் என்று சொல்வார்கள். இந்தச் செடிக்கு லத்தீனில் பிளான்ட்டா ஜெனிஸ்டா என்று பேர். அவன் மகன் இரண்டாம் ஹென்றி 1154-இல் இங்கிலாந்து அரசன் ஆனான், அந்த வம்சத்துக்கே பிளான்டாஜெனெட் என்ற பேர் நின்றுவிட்டது. பெருக்குகிற குச்சியும் ராஜ வம்சத்துப் பேரும் ஒரே செடியில்.

ப்ரூம் என்று சொல்வதில் பல செடிகள் உண்டு. ஜெனிஸ்டா டிங்க்டோரியா மஞ்சள் சாயம் எடுக்க உதவியது. ஸ்பானிஷ் ப்ரூம் என்கிற ஸ்பார்ட்டியம் மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி, பூ மணக்கும், தண்டு நாரில் கயிறு திரித்தார்கள். ஸ்காட்லாந்துச் செடியின் பூவில் தேன் கிடையாது. பாரமான தேனீ வந்து உட்கார்ந்ததும் அடி இதழ் பட்டென்று திறந்து மகரந்தம் அதன் உடம்பில் தெறிக்கும், வந்த கூலி அந்த மகரந்தம்தான்.

ஒரு எச்சரிக்கை. இப்போது எந்த மஞ்சள் பூவைப் பார்த்தாலும் டீ போடுகிற பழக்கம் பெருகிவிட்டது. இந்தச் செடியில் ஸ்பார்ட்டீன் என்ற நச்சு இருக்கிறது, இதயத் துடிப்பைப் பாதிக்கும். ஆவாரம்பூ மாதிரி நினைத்துவிடாதீர்கள்.

தேரிக்காட்டுப் பனை:

அக்கா கேட்ட ரெண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே. வாரியலுக்கு வருவோம்.

நான் திசையன்விளைப் பக்கம், தேரி என்கிற செம்மணல் மேட்டுக்காரன். எங்களுக்கு வாரியல் என்றால் பனை ஈர்க்கு வாரியல். பனையோலையில் ஒவ்வொரு இலக்கின், அதாவது ஓலைப் பிரிவின், நடுவிலும் ஒரு நரம்பு ஓடும், அதுதான் ஈர்க்கு. பெட்டி, கடவம், பாய் முடைகிறவர்கள் ஓலையை வாரும்போது ஈர்க்கைக் கிழித்து ஒதுக்கிவிடுவார்கள், ஈர்க்கோடு முடைந்தால் ஓலை மடங்காது. அப்படி ஒதுங்கிய ஈர்க்கைச் சேர்த்துக் கட்டினால் வாரியல். மணப்பாட்டில் வண்ண வண்ணமாக ஓலைப் பெட்டி முடைகிறார்களே, அங்கே போனால் வேலை நடக்கிற இடத்தில் ஈர்க்கு தனியாகக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒரு தொழிலில் மிஞ்சியது இன்னொரு தொழிலுக்கு முதல். இதோடும் முடியவில்லை, மட்டையின் அடியில் இருக்கிற தும்பு என்ற நாரை அடித்து எடுத்துச் சீவிக் கட்டுகட்டாகத் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏற்றினார்கள், வெளிநாட்டில் அதை வைத்துத் தெரு கூட்டுகிற பிரஷ் செய்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மலைப் புதரை வெட்டிப் பெருக்கிய காலம் போய், எங்கள் தேரிப் பனையின் தும்பால் பெருக்கினார்கள் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இதுதான். ஒரு ஈர்க்கை உருவி விரலில் சுற்றுங்கள். ஒடியாமல் வளைந்து, விட்டதும் நிமிர்ந்தால் நல்ல முற்றிய ஓலை. வளைந்தது வளைந்தபடி நின்றால் இளசு, காயாதது. பட்டென்று ஒடிந்தால் மழையில் நனைந்து கிடந்த ஓலை. அப்புறம் அடிக்கட்டைத் திருகிப் பாருங்கள். பச்சையாகக் கட்டியது என்றால் காய்ந்து சுருங்கியதும் கட்டு தளர்ந்து ஒவ்வொரு ஈர்க்காக உருவிக்கொண்டு வரும். உங்களுக்கு நிலைப்பதில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான், கடைக்கு அனுப்புகிற அவசரத்தில் காயவிடாமல் கட்டுகிறார்கள்.

பனை ஏறுகிற ஆள் குறைந்துபோனார்கள். பனை நம்ம மாநில மரம் என்று பேர், ஓலை வெட்ட ஆள் இல்லை. ஓலை வெட்டாத மரத்தில் காவோலை தொங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பத்து ரூபாய் கூடக் கொடுத்து ஊர்க்காரரிடம் ஈர்க்கு வாரியல் வாங்குங்கள், வேறொன்றும் கேட்கவில்லை.

கடையம் தென்னந்தோப்பு:

அண்ணாச்சி, பனை ஈர்க்கு நல்லதுதான், ஆனால் முற்றத்துக்குத் தென்னை ஈர்க்குதான். நீளம் வேண்டாமா? ஒரு தென்னை ஓலையில் 200-க்கு மேல் கீற்று, அத்தனைக்கும் ஒவ்வொரு ஈர்க்கு. தானாக விழுந்த ஓலையே போதும், மரம் ஏற வேண்டியதில்லை. வாசல் தூத்துத் தெளிக்க, களம் கூட்ட, மாட்டுத் தொழுவம் கழுவ, நனைந்த தரையில் தண்ணீரைத் தள்ள, எல்லாத்துக்கும் ஒன்றே. தேய்ந்து கட்டையானதும் சாக்கடை தேய்க்க ஆகும், அப்புறமும் அடுப்பில் எரியும்.

தேரிக்காட்டுப் பனை:

நீளத்தில் உங்களுக்குத்தான் வெற்றி, அதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. தேரி மணலில் தென்னை ஈர்க்கை வைத்துப் பெருக்கிப் பாருங்கள், மணலும் சேர்ந்து வரும். பனை ஈர்க்கு மெல்லிசு, சருகை மட்டும் எடுக்கும், மணலை விட்டுவிடும். ஆற்றுப்பாசன ஊருக்குத் தென்னை, தேரிக்குப் பனை, இதில் சண்டை எதற்கு?

சேரன்மாதேவி வயல்:

களத்துக்கு முன்னெல்லாம் ஈர்க்கே கிடையாது, செடியை வெட்டித்தான் கட்டுவோம். விராலிக் கிளை, இல்லை என்றால் குறுந்தொட்டி, மலைதாங்கி. தண்டு நாரோடு இருக்கும், ஒடியாது. அரை வாட்டமாக வாடவிட்டு ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டினால் நெல்லைக் குவிக்கவும் தூசு தள்ளவும் கையில் நிற்கும். கட்டாந்தரையில் வளர்கிற துடைப்பப் புல்லையும் அறுத்து உள் வீட்டுக்குக் கட்டுவார்கள். இதெல்லாம் விலை கொடுத்து வாங்குகிற சமாச்சாரமே இல்லை, வரப்பில் நிற்கும். சீமையில் ப்ரூமை வெட்டிக் கட்டியதும் இதே கணக்குதான்.

டவுன் அம்மா:

எனக்கு ஒரு கேள்வி. உள் வீட்டுக்குப் பூ வாரியல்தான் வாங்குகிறோம், புதுசு வாங்கினால் வீடு முழுக்கத் தூள் பறக்கிறது, என் மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு, தும்ம ஆரம்பித்துவிடுகிறாள். என்ன செய்வது?

வடகிழக்கில் வேலை பார்த்தவன்:

அக்கா, அது தைசனோலேனா என்ற உயரமான புல்லின் பூக்கதிர். மேகாலயா, அசாம் மலைகளிலிருந்துதான் நம்ம கடைகளுக்கு அதிகம் வருகிறது. அங்கே மலைச்சரிவில் பயிராகவே வளர்க்கிறார்கள், குளிர்காலம் முடிகிற நேரத்தில் கதிரை வெட்டிக் காயவைப்பார்கள். பூவோடு இருக்கிற கதிர் என்பதால் அந்தப் பொடிப் பூவும் செதிலும் உதிர்வதுதான் நீங்கள் சொல்கிற தூள்.

வாங்கி வந்ததும் வெளியே வைத்துச் சுவரில் தட்டுங்கள், பழைய சீப்பால் மேலிருந்து கீழே பலமுறை சீவுங்கள், ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து நிழலில் காயவையுங்கள். மகள் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டாம். நனைந்த தரைக்கு மட்டும் இதைத் தொடவே தொடாதீர்கள், கதிர் அழுகிவிடும். உங்கள் வீட்டுக்கு இன்னும் நல்ல வழி, தினமும் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணி போட்டுத் துடைப்பது. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு எந்த வாரியலும் தூசியைக் கிளப்பத்தான் செய்யும், மகளை அந்த நேரம் வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

வாசல் தெளிப்பவள்:

இத்தனை பேர் பேசியதில் ஒன்று விட்டுப்போச்சு. விளக்கு வைத்த பிறகு பெருக்கக் கூடாது, பெருக்கினாலும் குப்பையை வெளியே கொட்டக் கூடாது, மூலையில் ஒதுக்கி வைத்துக் காலையில் எடு என்று எங்கள் ஆச்சி சொல்வார். அகல் விளக்கு வெளிச்சத்தில் மூக்குத்தித் திருகாணியோ காசோ குப்பையோடு போய்விடக் கூடாது என்பதற்குச் சொன்ன நல்ல புத்தி அது, இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் வாரியலையே தரித்திரம் என்று கண்ணில் படாமல் ஒளித்து வைப்பதை நான் ஏற்க மாட்டேன். மூதேவி என்று நாம் ஒதுக்குகிற சேட்டை தேவிக்குக் காக்கைக் கொடி, பக்கத்தில் வாரியல். பல்லவர், பாண்டியர் காலத்தில் அவளைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டார்கள். வடக்கே அம்மை நோய்க்குக் கும்பிடுகிற சீதளா தேவியின் கையிலும் வாரியல்தான். சுத்தம் செய்கிற சாமானைச் சாமி கையில் கொடுத்த ஜனங்கள், அதைக் கையில் எடுத்து வேலை செய்கிற மனிதரைத் தள்ளி நிறுத்தியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் தெருவைக் கூட்ட வருகிற அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கைக்குக் கொடுத்திருப்பது கட்டையான தென்னை வாரியல், நாள் முழுக்கக் குனிந்தே வேலை. ஒரு நீள மூங்கில் கழியில் கட்டிக் கொடுத்தால் நிமிர்ந்து பெருக்கலாம். வேலைக்கு வைத்திருக்கிறவர்களிடம் கேட்டால் தருகிறோம் என்கிறார்கள், வருகிறபாடாக இல்லை. நாங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து மூங்கில் கழி வாங்கிக் கட்டிக் கொடுத்தோம். கழி நெஞ்சு உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும், பிடிக்கிற இடத்தில் கணுவைச் செதுக்கித் துணி சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கை கொப்பளித்துவிடும். உங்கள் தெருவிலும் செய்யுங்கள்.

கடையம் தென்னந்தோப்பு:

ஆச்சி, கழிக்கு ஈர்க்கு நான் தருகிறேன். தோப்பில் விழுந்த ஓலை எப்போதும் கிடக்கிறது. பாளை, டவுன் பக்கம் எந்தத் தெருவுக்கு வேண்டும் என்றாலும் தனிச்செய்தி போடுங்கள், ஈர்க்கு சீவி அனுப்புகிறேன்.

பாளை மாடித்தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. அந்த விதை வாங்கப் போவதில்லை. பின்புறம் முழுக்க முதலில் சணப்பு போட்டு மடக்கிவிட்டு, மண் கொஞ்சம் தேறியதும் ஓரத்தில் ஆவாரையும் ஒரு மூலையில் விராலியும் வைக்கிறேன். எப்போது விதைக்க வேண்டும், விதை எங்கே கிடைக்கும்? தேரிக்காட்டு அண்ணாச்சி, தளர்ந்த கட்டை வீட்டிலேயே இறுக்க வழி உண்டா, இல்லை தூக்கித்தான் போட வேண்டுமா?

சேரன்மாதேவி வயல்:

புரட்டாசியில் நிலத்தைக் கொத்தி வைத்துவிட்டு ஐப்பசி முதல் மழையில் தூவுங்கள், தண்ணீர் ஊற்றுகிற வேலையே இருக்காது. விதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் உரக்கடை. ஆவாரை விதையை வெந்நீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள், தோல் கெட்டி.

தேரிக்காட்டுப் பனை:

தூக்கிப் போடாதீர்கள். பழைய கட்டை அவிழ்த்து ஈர்க்கை ரெண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். அடிப்பக்கத்தைத் தரையில் தட்டி ஒரே மட்டமாக்கி, ஊறவைத்த பனை நாரால் ரெண்டு இடத்தில் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். நார் கிடைக்கவில்லை என்றால் கட்டுக்கம்பி, ஆனால் முனையை உள்ளே மடக்கிவிட வேண்டும், கையைக் கிழிக்கும். கட்டிய பிறகு அடியில் நட்ட நடுவே கட்டைவிரல் தண்டிக்கு ஒரு வேப்பங்குச்சியைக் கூராக்கி வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்குங்கள். குச்சி உள்ளே போகப் போகக் கட்டு இறுகும், ஒரு ஈர்க்கும் உருவாது. மறுபடி தளர்ந்தால் குச்சியை இன்னும் ஒரு அடி அடித்தால் போதும்.